புள்ளி சொல்லாத செய்தி

பதுளைக்கு அண்மையிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றில் ஏழாந் தரத்தில் பயிலும் மாணவன் ஒருவனை நினைத்துப் பார்க்கலாம். மாலையில் கொழுந்து நிறுக்கும் வேளையில் அவன் தாயின் அருகே நிற்கிறான். காலையில் 7 கிலோ, நண்பகலில் 6 கிலோ. பேர் விழுவதற்கு 18 கிலோ வேண்டுமாயின் இன்னும் 5 கிலோ தேவை என்று, தராசு முள் நிலைபெறும் முன்னரே சொல்லிவிடுகிறான். ஈரத்துக்கென்று கழிக்கப்படும் நிறையையும் அவன் மறப்பதில்லை. மறுநாள் அவனே கணித வினாத்தாளின் முன்னே பேனாவை உருட்டியவாறு அமர்ந்திருக்கிறான். விடைத்தாள் திரும்பி வருகிறது: நூற்றுக்கு 28 புள்ளி. தராசடியில் நின்றவன் உண்மையான மாணவனா, வகுப்பில் அமர்ந்தவன் உண்மையான மாணவனா?

இருவரும் ஒருவனே என்பதை அறிவதுதான் மதிப்பீட்டின் தொடக்கம். பிரேசில் நாட்டின் ரெசிபே நகரில் தெருவிலே பண்டம் விற்ற சிறுவர் சிலரை ஆய்வாளர் மூவர் சோதித்து, தம் முடிவுகளை 1985ஆம் ஆண்டில் வெளியிட்டனர். விற்பனையின்போது வாய்மொழியாகக் கேட்ட கணக்குகளில் நூற்றுக்கு 98 சரியாயின. அதே வகைக் கணக்குகளை வசனக் கணக்குகளாகத் தந்தபோது அது 74 ஆகவும், வெறும் எண்களாக எழுதித் தந்தபோது 37 ஆகவும் குறைந்தது. குறைந்தது அறிவன்று; அறிவை வெளிப்படுத்த வேண்டிய வடிவமே மாறியது.

ஊவாத் தோட்டங்களில் இவ்விடைவெளிக்கு ஒரு வரலாறு உண்டு. தோட்டச் சிறுவர்க்குக் கல்வி அளிக்கும் பொறுப்பை 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் தோட்ட நிர்வாகத்தின்மீது சுமத்தியது. ஆயினும், ஓராசிரியர் பல வகுப்புகளை ஒரே கூரையின் கீழ் நடத்தும் நிலை நெடுங்காலம் நீடித்தது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே அப்பாடசாலைகள் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. இன்றும் சிறிய தோட்டப் பாடசாலைகள் பல ஆரம்ப வகுப்புகளோடு நின்றுவிடுகின்றன. ஐந்தாந் தரத்தை முடித்த பிள்ளை பசறை, பண்டாரவளை, பதுளை போன்ற ஊர்களிலுள்ள பெரிய பாடசாலையை நாடுகிறது. புதிய ஆசிரியருக்கு அப்பிள்ளையைப்பற்றி ஒன்றும் தெரியாது. பிள்ளையோ கேட்பதற்கு அஞ்சுகிறது. ஆறு முதல் ஒன்பதாந் தரம் வரையிலான ஆண்டுகளில் மதிப்பீடு மிகுந்த கவனத்தைக் கோருவது இதனாலேதான்.

புள்ளி ஒன்றுமட்டும் ஆசிரியருக்கு வழிகாட்டுவதில்லை. 28 புள்ளி பெற்ற மூவர் மூன்று வெவ்வேறு இடங்களில் இடறியிருக்கலாம். ஒருவன் மூன்றில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் கூட்டி, ஏழில் இரண்டு என்கிறான். பின்னத்தை அவன் ஒரே எண்ணாகக் காணாமல், மேலும் கீழும் நிற்கும் இரண்டு எண்களாகக் காண்கிறான். மற்றொருத்தி 0.5 ஐ விட 0.35 பெரிது என்கிறாள். 35 என்பது 5 ஐ விடப் பெரிதன்றோ என்பது அவள் வாதம். இவை கவனக்குறைவால் வந்த பிழைகள் அல்ல. தமக்கென ஒரு விதியைக் கொண்டு ஒழுங்காக நிகழும் பிழைகள். அவ்விதியைக் கண்டுகொண்டால் திருத்துவது எளிது. காணாமல் விட்டால் ஆறாந் தரத்துப் பின்னம் ஒன்பதாந் தரத்து அட்சரகணிதத்தில் வந்து வழிமறிக்கும்.

மூன்றாமவனின் இடறல் கணிதத்தில் அன்று, மொழியில் இருக்கலாம். இதனை அறிய, அவுஸ்திரேலியக் கல்வியாளர் ஆன் நியூமன் 1977இல் வகுத்த முறை பயன்படும். பிள்ளையை அருகில் அமர்த்தி, ஐந்து செயல்களைச் செய்யச் சொல்ல வேண்டும்: வினாவை உரக்க வாசித்தல், கேட்கப்பட்டது யாதெனச் சொந்தச் சொற்களில் கூறுதல், எவ்வழியில் செய்யலாமென விளக்குதல், கணக்கைச் செய்து காட்டுதல், விடையை முறையாக எழுதுதல். எந்தப் படியில் தடை ஏற்படுகிறது என்பது அங்கேயே வெளிப்படும். "எஞ்சிய தொகை யாது?" என்ற பாடநூல் வினாவுக்கு விழிக்கும் பிள்ளை, "மிச்சம் எவ்வளவு?" என்றால் உடனே விடை கூறலாம். அப்பிள்ளைக்குக் கழித்தல் கற்பிப்பது வீண் உழைப்பு. கற்பிக்க வேண்டியது ஒரு சொல்.

திறனை அளப்பதோடு பணி முடிவதில்லை. அமெரிக்க தேசிய ஆராய்ச்சிச் சபை 2001இல் வெளியிட்ட அறிக்கையொன்று கணிதத் தேர்ச்சியை ஐந்து இழைகள் பின்னிய கயிறாக வருணித்தது. கருத்து விளக்கம், செய்முறைத் திறன், உத்தி வகுக்கும் ஆற்றல், தருக்க முறைச் சிந்தனை ஆகிய நான்கோடு, கணிதம் பயனுள்ளது, முயன்றால் தனக்கும் வரும் என்ற மனப்பாங்கும் ஓர் இழை. "எங்கள் வீட்டில் யாருக்கும் கணக்கு வராது" என்று தோட்டத்துப் பிள்ளை சொல்லும்போது அறுந்திருப்பது இந்த ஐந்தாம் இழைதான். பெற்றோருக்குப் படிக்கும் வாய்ப்புக் கிட்டாமற் போனதை, பிள்ளை தன் பிறவிக் குறையாக எண்ணிவிடுகிறது.

மனப்பாங்கை அறியப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. கடினமான வினாவைப் பிள்ளை தொடாமலே விடுகிறதா, ஓரளவேனும் முயன்று பார்க்கிறதா? ஒவ்வொரு வரிக்கும் ஆசிரியரின் முகத்தை நோக்குகிறதா? அழித்தழித்து எழுதுகிறதா? தடைப்படும்போது யாரிடம் கேட்கிறது? இவற்றை ஒரு மாத காலம் குறித்து வந்தாலே போதும். இக்குறிப்பு பிள்ளைகளை வரிசைப்படுத்துவதற்கன்று. அடுத்த பாடத்தை எங்கே தொடங்குவது எனத் தீர்மானிப்பதற்கு.

தராசடிக் கணக்கு வகுப்புக் கணிதம் முழுவதற்கும் ஈடாகாது என்பதும் உண்மையே. ஆனால் அதன்மேல் பாலம் கட்டலாம். நூறு கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஏறக்குறைய 22 கிலோ தேயிலைத் தூள் கிடைக்கிறது. 450 கிலோ கொழுந்துக்கு எவ்வளவு என்று கேட்டால், அது விகிதம், சதவீதம் இரண்டையும் தொடும் கணக்கு. விடை 99 கிலோ. அதைக் கண்ட பிள்ளையிடம், 22 க்குப் பதில் ஓர் எழுத்தை வைத்தால் என்னவாகும் என்று கேட்கலாம். அட்சரகணிதம் அங்கே பிறக்கிறது.

சாதாரண தரப் பரீட்சையில் கணிதச் சித்தி, உயர்தர வகுப்புக்கும் பல தொழில்களுக்கும் வாயிலாக இருந்து வந்துள்ளது. அவ்வாயில் மூடப்படுவது பதினோராந் தரத்திலன்று. ஏழாந் தரத்தில், 28 என்று சிவப்பு மையால் எழுதப்பட்ட எண்ணுக்கு அப்பால் எவரும் பார்க்காதபோதே அது மூடத் தொடங்குகிறது. "இதை எப்படிச் செய்தாய், சொல் பார்ப்போம்" என்று ஆசிரியர் பரிவோடு கேட்கும் ஒரு கேள்விக்கு அதனைத் திறந்து வைக்கும் வலிமை உண்டு.