வளைகாப்புக்கு ஃபாண்டன்ட் குக்கீ... எத்தனை நாள் முன்னாடியே செஞ்சு வைக்கலாம்?

ஞாயித்துக்கிழமை அக்காவுக்கு வளைகாப்பு. வர்றவங்களுக்குத் தாம்பூலப் பையோட ஆளுக்கொரு குக்கீயும் கொடுக்கணும்னு உங்களுக்கு ஆசை. குட்டி வளையல், குட்டிப் பாதம், அக்கா பேர்னு எல்லாத்தையும் ஃபாண்டன்ட்ல அழகா செஞ்சு ஒட்டிட்டீங்க. வெள்ளிக்கிழமை ராத்திரியே 60 குக்கீயும் ரெடி. கெட்டுப் போயிடக் கூடாதேன்னு அப்படியே ஃப்ரிட்ஜுக்குள்ள வெச்சுட்டுத் தூங்கப் போறீங்க.

ஞாயிறு காலையில் மண்டபத்துல டப்பாவைத் திறந்தா, குக்கீ எல்லாம் வேர்த்துப் போய் இருக்கு. சிவப்பு வளையலோட சாயம் வெள்ளையில இறங்கி ரோஸ் கலராயிடுச்சு. தொட்டா விரல்ல பிசுபிசுன்னு ஒட்டுது.

புதுசா பேக்கிங் ஆரம்பிக்கிறவங்க வழக்கமா மாட்டிக்கிற இடம் இது. முன்கூட்டியே செஞ்சதுல தப்பே இல்லை. எதை முன்னாடி செய்யலாம், எதைக் கடைசியில் சேர்க்கணும்ங்கிறதுலதான் விஷயம் இருக்கு.

ஏன் வேர்க்குது?

ஃபாண்டன்ட் என்பது பெரும்பாலும் சர்க்கரைதான். ஐசிங் சுகரோட குளுக்கோஸ் சிரப், கிளிசரின், ஜெலட்டின் இல்லைன்னா வேறொரு பிசின் சேர்த்து, சப்பாத்தி மாவு மாதிரி பிசைஞ்சு எடுப்பாங்க. அந்த பிரெஞ்சு வார்த்தைக்கே 'உருகுவது'ன்னுதான் அர்த்தம்!

சர்க்கரை காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்துல உங்க வீட்டு நாட்டுச் சர்க்கரை டப்பாவைத் திறந்து பாருங்க, கட்டி கட்டியா ஈரமா இருக்கும். ஃபாண்டன்ட்டுக்கும் அதே கதைதான். ஃப்ரிட்ஜ்ல இருந்து சில்லுன்னு வெளியே எடுத்ததும், ஜூஸ் டம்ளர் மேல முத்து முத்தா தண்ணி கோக்குமே, அதேமாதிரி குக்கீ மேலயும் கோக்கும். அந்தத் தண்ணி சர்க்கரையைக் கரைக்க, கலரும் சேர்ந்து ஓடிடும். அதனால ஃபாண்டன்ட் ஒட்டின குக்கீக்கு ஃப்ரிட்ஜ் வேண்டவே வேண்டாம்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. குக்கீ மொறுமொறுன்னு இருக்க ஈரமே ஆகாது. ஃபாண்டன்ட் மெத்துன்னு இருக்க கொஞ்சம் ஈரம் வேணும். ரெண்டையும் ஒட்டி ஒரே டப்பாவில் மூடினா, ஃபாண்டன்ட்டோட ஈரம் மெல்ல குக்கீக்குள்ள இறங்கும். முறுக்கு நமத்துப் போற மாதிரி குக்கீயும் நமத்துப் போகும். ஒரு வாரம் கழிச்சுக் கெட்டிருக்காது, ஆனா முதல் நாள் ருசி இருக்காது. ஸோ, ரெண்டையும் தனித்தனியா எவ்வளவு முன்னாடி வேணும்னாலும் தயார் பண்ணுங்க. ஒட்டுறது மட்டும் ரெண்டு நாள் முன்னாடி!

ஞாயிறு விசேஷத்துக்கு உங்க டைம் டேபிள்

2, 3 வாரம் முன்னாடி: மாவு பிசைஞ்சு ஃப்ரீசர்ல போட்டுடுங்க. 60 குக்கீக்கு 200 கிராம் பொடிச்ச சர்க்கரை, 400 கிராம் வெண்ணெய், 600 கிராம் மைதா. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு கணக்கு வெச்சுக்கிட்டா மறக்காது. முட்டை வேண்டாம். பேக்கிங் பவுடரும் வேண்டாம். போட்டா குக்கீ உப்பி மேல்பக்கம் மேடாயிடும், ஃபாண்டன்ட் சமமா உக்காராது. மாவைத் தட்டையா தட்டி, காத்துப் புகாம ரெண்டு சுத்து கவர்ல சுத்தி வையுங்க. ஒரு மாசம் தாராளமா தாங்கும்.

செவ்வாய்: ஃபாண்டன்ட்டுக்குக் கலர் சேர்த்து, வளையல், பாதம், எழுத்துன்னு குட்டி உருவங்களைச் செஞ்சு பட்டர் பேப்பர் மேல காய விடுங்க. அட்டைப் பெட்டியில் வெச்சு லேசா மூடினா போதும். ஜன்னலோரம் வைக்காதீங்க, வெயில் பட்டா ரோஸ், ஊதா கலர் எல்லாம் வெளிறிடும். மிச்ச ஃபாண்டன்ட்டை இறுக்கமா கவர் பண்ணி டப்பாவில் மூடி வையுங்க. திறந்து வெச்சா அரை மணி நேரத்துலயே மேல வறண்டு வெடிப்பு விழும். 6 சென்டிமீட்டர் வட்டக் குக்கீக்கு சுமார் 10 கிராம் ஃபாண்டன்ட் பிடிக்கும். 60 குக்கீக்கு 600 கிராம் ஆச்சு. அலங்காரம், வேஸ்ட் எல்லாம் சேர்த்து ஒரு கிலோவா வாங்கிடுங்க.

புதன் ராத்திரி: மாவை ஃப்ரீசர்ல இருந்து எடுத்து ஃப்ரிட்ஜுக்கு மாத்துங்க. மெதுவா இளகட்டும்.

வியாழன்: அரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் கனத்துல தேய்ச்சு, வெட்டி, ட்ரேயோட 20 நிமிஷம் திரும்ப ஃப்ரிட்ஜ்ல வெச்சு, அப்புறம் பேக் பண்ணுங்க. வெண்ணெய் இறுகியிருந்தாதான் வடிவம் மாறாது. பேக் ஆனதும் முழுசா ஆற விடுங்க. உள்ளே சூடு இருந்தா அந்த ஆவி ஃபாண்டன்ட்டுக்கு அடியில மாட்டிக்கிட்டு மேல குமிழ் விடும்.

வெள்ளி: ஃபாண்டன்ட்டை 2, 3 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்ச்சு, குக்கீ வெட்டின அதே கட்டரால வெட்டுங்க. குக்கீ மேல தேனோ ஜாமோ ஒரு மெல்லிய பூச்சு தடவி, ஃபாண்டன்ட்டை வெச்சு உள்ளங்கையால் அழுத்துங்க. காய்ஞ்ச உருவங்களைத் துளித் தண்ணி தொட்டு ஒட்டுங்க. துளின்னா துளிதான்! ராத்திரி முழுக்க ட்ரேயில் அடுக்காம, ஒரு மெல்லிய பேப்பர் மூடி ஆற விடுங்க. மேல்பக்கம் ஒரு மெல்லிய தோல் மாதிரி இறுகும்.

சனி: தொட்டுப் பார்த்து ஒட்டலைன்னா, ஒவ்வொண்ணா கவர்ல போட்டு சீல் பண்ணுங்க. ராத்திரி நிம்மதியா மருதாணி வெச்சுக்கிட்டுத் தூங்கலாம்.

நம்ம ஊர் க்ளைமேட் முக்கியம்

யூடியூப்ல பார்க்கிற டிப்ஸ் எல்லாம் எங்கேயோ குளிர் நாட்டுச் சமையலறையில எடுத்ததா இருக்கலாம். கோவைக்குன்னு ஒரு கணக்கு இருக்கு. டிசம்பர், ஜனவரியில் காத்து குளிர்ச்சியா, ஓரளவு வறட்சியா இருக்கும். ஃபாண்டன்ட்டுக்கு இதுதான் நல்ல காலம், கிறிஸ்துமஸ் ஆர்டரைத் தைரியமா ஒத்துக்கலாம். ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய் வழியா ஈரக் காத்து அடிக்கும். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் ஈரம் இன்னும் அதிகம். கோவைக்கு நல்ல மழை கிடைக்கிறது அக்டோபர், நவம்பர்ல. தீபாவளியும் அப்பதான் வரும்.

மழை நாள்னா ஃபேன் மட்டும் போதாது. அது ஈரக் காத்தையேதான் சுத்தி விடும். ஏசி இருந்தா 'டிரை' மோடுல போட்டு அந்த ரூம்ல காய விடுங்க. ஏசி இல்லைன்னா, குக்கீ முழுக்க ஃபாண்டன்ட் போர்த்தாம, நடுவுல ஒரு சின்ன உருவம் மட்டும் ஒட்டுங்க. சர்க்கரை குறையும், ரிஸ்க்கும் குறையும். சிவப்பு, கறுப்பு மாதிரி அடர் கலரை வெள்ளைக்குப் பக்கத்துல வைக்காதீங்க.

ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் ஏப்ரல், மே விசேஷம்னா பிரச்னை ஈரம் இல்லை, சூடு. டப்பாவை வெயில்ல நிக்கிற கார்ல விட்டுட்டுப் போகாதீங்க. ஏசி கார்ல கொண்டு போனா, மண்டபத்துல இறக்கின உடனே டப்பாவைத் திறக்காதீங்க. ஒரு அரை மணி நேரம் மூடியபடியே இருக்கட்டும். தண்ணி கோத்தாலும் டப்பாவுக்கு வெளியேதான் கோக்கும்.

இவ்வளவுக்கும் மேல வேர்த்துடுச்சா? துடைக்காதீங்க, தொடவும் தொடாதீங்க. ஏசி ரூம்ல பரப்பி வெச்சா ஒண்ணு, ரெண்டு மணி நேரத்துல தானா காயும். கொஞ்சம் பளபளப்பு மிஞ்சும், அவ்வளவுதான்.

"ஏங்கண்ணு, இதுல முட்டை போட்டிருக்கியா?"

எந்த விசேஷத்துலயும் ஒரு பாட்டியாவது இந்தக் கேள்வியைக் கேட்பாங்க. "இல்லீங்க ஆத்தா"ன்னு நீங்க உடனே சொல்லிடுவீங்க. ஆனா ஃபாண்டன்ட்ல ஜெலட்டின் இருக்கலாம். அது மாடு, பன்றி மாதிரி விலங்குகளோட தோல், எலும்புல இருந்து எடுக்கிறது. மார்ஷ்மெல்லோவை உருக்கி வீட்டுலயே ஃபாண்டன்ட் செய்யறவங்களும் இதைக் கவனிக்கணும், மார்ஷ்மெல்லோவிலும் பெரும்பாலும் ஜெலட்டின்தான். சைவம் சாப்பிடுறவங்க நம்மை நம்பித்தான் கையில வாங்குறாங்க. பாக்கெட்ல பச்சைப் புள்ளி இருக்கான்னு பார்த்து வாங்குங்க.

கலர் வாங்கும்போதும் கவனம். ரோடமின் பி என்ற சாயம் கலந்திருந்ததால், 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பஞ்சு மிட்டாய் விற்பனைக்கே தடை போட்டது நினைவிருக்கும். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ உரிம எண் இல்லாத கலர் பாட்டில் எவ்வளவு சீப்பா கிடைச்சாலும் வேண்டாம்.

விற்கிற ஐடியா இருந்தா, வீட்டுல இருந்து செஞ்சாலும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ பதிவு கட்டாயம். முறையா கத்துக்கணும்னா, கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவ்வப்போது நடத்துற அடுமனைப் பொருள் பயிற்சி அறிவிப்புகளைக் கவனிச்சுட்டே இருங்க. ஆர்டர் வந்தா, "நாளைக்கே வேணும்"கிறவங்ககிட்ட தயங்காம முடியாதுன்னு சொல்லுங்க. ஃபாண்டன்ட் காயறதுக்கே ஒரு ராத்திரி வேணும். அதை யாராலயும் அவசரப்படுத்த முடியாது.

முதல் தடவை 60 எல்லாம் வேண்டாம். இந்த வாரம் 6 குக்கீ செஞ்சு, மூடி வெச்சு, தினம் ஒண்ணு சாப்பிட்டுப் பாருங்க. உங்க வீட்டுச் சமையலறையில் எத்தனாவது நாள் நமத்துப் போகுதுன்னு தெரிஞ்சுடும். அப்புறம் அக்கா வளைகாப்புக்குத் தைரியமா தேதி குறிக்கலாம்!