வழுக்கையும் வாலிபரும்

இருபத்து நான்கு, இருபத்தைந்து பிராயத்து வாலிபனுக்குத் தலைமுடி உதிர்வதென்பது பிறர் கண்ணுக்குச் சிறிய விஷயம். அவனுக்கோ அது பெருந்துயரம். உத்தியோகத்துக்கான நேர்முகத் தேர்வுக்குச் செல்கையில் ஒரு கூச்சம், பெண் வீட்டார் புகைப்படம் கேட்கையில் ஒரு தயக்கம், ஊரிலிருந்து வந்த அத்தை, "ஏலே, அதுக்குள்ள முன்மண்டை இப்படி ஆயிட்டே!" என்று கேட்டுவிட்டால் ஒரு வாரத்துக்கு உறக்கமில்லை. தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம்மவர் இல்லங்களில் இத்தகைய பிள்ளைகள் பலர் உளர்.

துயரம் மிகும்போது அவசரம் பிறக்கிறது. அவசரம் பிறந்த இடத்தில் விளம்பரக்காரனுக்கு வேலை எளிதாகிவிடுகிறது. ஆகவே, முடி உதிர்வைப் பற்றி இன்றைய மருத்துவம் அறிந்திருப்பது யாது, எதற்கு எவ்வளவு செலவாகும், ஆபத்து எங்கே உள்ளது என்பவற்றை நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம். நாம் வைத்தியரல்லோம், ரயில்வே அலுவலகத்தில் கோப்பு புரட்டும் குமாஸ்தாவே. ஆயினும் நமக்கும் முப்பது வயதில் நெற்றி மேலேறத் தொடங்கியமையால், இதுபற்றிச் சற்று விசாரித்து அறிந்தோம்.

தண்ணீரா, வேறு காரணமா?

மும்பைக்கு வந்து குடியேறியவர் யாவரும் முதலில் குறை கூறுவது தண்ணீரையே. "ஊர்த் தண்ணீரில் குளித்தவரை முடி அடர்த்தியாக இருந்தது, இங்கு வந்ததும் போயிற்று" என்பர். இந்நகரத்தின் மாநகராட்சிக் குழாய்களில் வருவது தான்சா, வைதர்ணா, பாத்சா முதலிய நீர்த்தேக்கங்களின் நீர். உப்பு மிகுந்த ஆழ்குழாய் நீர் முடியை வறளச் செய்யக்கூடும். ஆனால் நெற்றியின் இரு ஓரங்களிலும் உச்சியிலும் மட்டும் முடி மெலிந்து போவதற்கு எந்த நீரும் காரணமாகாது. தண்ணீர்தான் காரணமாயின், அதே நீரில் நனையும் பின்தலை முடியும் அன்றோ உதிர வேண்டும்?

ஆண்களுக்கு வரும் வழுக்கை பரம்பரையால் வருவது. தாய்வழி, தந்தைவழி இரண்டிலிருந்தும் அது வரலாம். உடலில் ஊறும் ஆண்மை ஹார்மோனின் ஒரு மாற்றுருவாகிய டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோன் என்னும் பொருள், முன்தலையிலும் உச்சியிலும் உள்ள மயிர்க்கால்களைச் சிறுகச் சிறுகச் சுருக்குகிறது. தடித்த முடி மெல்லிய முடியாகி, பின் பூனைமயிராகி, இறுதியில் மறைகிறது. பின்தலையிலுள்ள மயிர்க்கால்களுக்கு இப்பொருளால் பெரும் தீங்கு நேர்வதில்லை. ஆண்மை ஹார்மோனுக்கும் வழுக்கைக்கும் உள்ள இத்தொடர்பை அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் 1942-இல் விளக்கினார்.

பழநியிலோ திருப்பதியிலோ மொட்டையடித்தால் முடி அடர்த்தியாக வளரும் என்று நம்புவோரும் உளர். நேர்த்திக்கடனைச் செலுத்துவது வேறு, மருத்துவம் வேறு. கத்தி தொடுவது தோலுக்கு மேலுள்ள தண்டையே. தோலுக்குக் கீழுள்ள மயிர்க்காலுக்கு மேலே நடந்தது தெரியாது. அவ்வாறே, எந்தத் தைலமும் சுருங்கிய மயிர்க்காலைப் பழைய நிலைக்குக் கொணர்ந்ததாக நிரூபணம் இல்லை. இந்திய மருந்து விதிகளின் ஜே அட்டவணையில், தீர்ப்பதாக எந்த மருந்தும் உரிமை கொண்டாடலாகாத நோய்களின் வரிசையில் வழுக்கையும் இடம் பெற்றுள்ளது என்பதை நேயர்கள் நினைவில் இருத்தல் நலம்.

எல்லா உதிர்வும் வழுக்கையன்று

நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு முடி உதிர்வது எவர்க்கும் இயற்கை. டைபாய்டு, டெங்கு, கோவிட் போன்ற கடுங்காய்ச்சல் கண்டு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக உதிர்வதும் உண்டு. அத்தகைய உதிர்வு பெரும்பாலும் சில மாதங்களில் தானே நின்று முடி திரும்ப முளைக்கும். இரும்புச் சத்துக் குறைவு, தைராய்டுக் கோளாறு, பட்டினி கிடந்து உடல் இளைத்தல் ஆகியவற்றாலும் முடி கொட்டும்.

நமது மாநிலத்திலேயே, புல்டாணா மாவட்டத்துச் ஷேகாவ் வட்டாரக் கிராமங்களில், 2025 ஜனவரியில் பலர்க்குச் சில நாட்களிலேயே தலை முழுதும் முடி கழன்று வந்த செய்தி நாட்டையே திகைக்க வைத்தது. நியாய விலைக் கடைக் கோதுமையில் செலினியம் என்னும் தாது மிகுந்திருந்ததே காரணம் என மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் தம் ஆய்வின் முடிவைக் கூறினார். பலருக்கு முடி மீண்டும் முளைத்தது. இதனால் நாம் அறிவது, காரணம் அறியாமல் சிகிச்சை தொடங்கலாகாது என்பதே. காரணத்தைக் கூற வல்லவர் தோல் மருத்துவர். தாராவியிலுள்ளோருக்குச் சயான் மருத்துவமனை அண்மையிலேயே உள்ளது. அங்குத் தோல் மருத்துவப் பிரிவும் உண்டு. மாநகராட்சி மருத்துவமனை ஆதலின் செலவும் சொற்பம்.

இரு மருந்துகள்

பரம்பரை வழுக்கைக்கு நன்கு சோதித்து அங்கீகரிக்கப்பட்ட மருந்துகள் முக்கியமாக இரண்டு. முதலாவது மினாக்சிடில். இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையாக வந்த இம்மருந்தை உண்டோர்க்கு உடலெங்கும் முடி வளர்ந்தது கண்டு, தலையில் தடவும் நீராக மாற்றினர். 1988-இல் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி அளித்தது. பயன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். தொடக்க வாரங்களில் உதிர்வு மிகுவதும் உண்டு; அது கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

இரண்டாவது பினாஸ்டிரைடு மாத்திரை. ஆண்களின் வழுக்கைக்கென 1997-இல் அனுமதி பெற்றது. மேற்சொன்ன ஹார்மோன் மாற்றத்தையே இது தடுக்கிறது. இருக்கும் முடியைக் காப்பதில் இது வல்லது. ஆயினும் இதை மருத்துவர் சீட்டின்றி உண்ணலாகாது. நூற்றுக்கு ஓரிருவர்க்கு இல்லற இச்சை குறைதல் முதலிய பக்க விளைவுகள் நேரும். மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் சிலர்க்குத் தோன்றக்கூடும் என 2025-இல் ஐரோப்பிய மருந்து முகமை உறுதி செய்து எச்சரித்துள்ளது. முன்பே மனச்சோர்வு கண்டவர் அதனை மருத்துவரிடம் மறைக்காது கூறல் வேண்டும். இம்மாத்திரை உண்பவர் இரத்ததானம் செய்யலாகாது. நிறுத்தி ஒரு மாதமேனும் கழிய வேண்டும்.

இரண்டுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு: நிறுத்தினால் கிடைத்த பயனும் சில மாதங்களில் நீங்கிவிடும். ஆகவே இது வாடகை போன்றது. மாதந்தோறும் கட்ட வேண்டும்.

ஓரறை வீடுகளில் வாழும் குடும்பங்களுக்கு ஓர் எச்சரிக்கை. மினாக்சிடில் புட்டியைத் தேங்காயெண்ணெய்ப் புட்டியருகே வைத்தல் கூடாது. குழந்தை தவறிக் குடித்தால் இரத்த அழுத்தம் அபாயகரமாகத் தாழ்ந்துவிடும். உடைந்த பினாஸ்டிரைடு மாத்திரையைக் கருவுற்ற பெண்கள் தொடலாகாது. வயிற்றிலுள்ள ஆண் சிசுவுக்குக் கேடு விளையும்.

முடி நடவு

மயிர்க்காலைப் பெயர்த்து வேறிடத்தில் நடும் முறையை ஜப்பானிய மருத்துவர் ஷோஜி ஒகுடா 1939-இல் எழுதி வைத்தார். நியூயார்க் மருத்துவர் நார்மன் ஓரென்ட்ரைக் 1952-இல் அதை வழுக்கைக்குப் பயன்படுத்தி, 1959-இல் ஓர் உண்மையை வெளியிட்டார்: பின்தலையிலிருந்து பெயர்த்த மயிர்க்கால் முன்தலையில் நட்டாலும் தன் பழைய இயல்பையே காட்டும்; உதிராது நிற்கும். இன்றைய நடவு முழுவதும் இவ்வுண்மையின் மேல் நிற்கிறது.

நாற்றங்காலில் பறித்து வயலில் நடுவது போன்றதே இதுவும். ஆனால் ஒரு பெரும் வேற்றுமை உண்டு. நாற்றங்காலில் மறு விதை தெளிக்கலாம். பின்தலையில் தெளிக்க இயலாது. பறித்த இடத்தில் மறுபடி முளைப்பதில்லை. ஒருவர் தம் வாழ்நாள் முழுவதிலும் எடுக்கக்கூடிய ஒட்டுகள் சில ஆயிரமே. ஏறத்தாழ ஆறாயிரம் என்பது பொதுக் கணக்கு. பின்தலை முடி என்பது ஒருவர்க்கு ஒருமுறை மட்டும் அளிக்கப்பட்ட முதல்.

இதனாலேயே இருபத்திரண்டு வயதில் நடவு வேண்டாம் என நல்ல மருத்துவர் தடுப்பர். அவ்வயதில் வழுக்கை எதுவரை செல்லும் என்று எவரும் கூற இயலாது. முன்நெற்றியை மட்டும் அடர்த்தியாக நிரப்பிவிட்டால், அதற்குப் பின்னுள்ள சொந்த முடி ஆண்டுதோறும் உதிர்ந்து, நாற்பது வயதில் முன்னே ஒரு வரிசை, நடுவே வெட்டவெளி என்றாகும். அப்போது நிரப்புவதற்குக் கையிருப்பு இராது. நட்ட பின்னும் மற்ற முடியைக் காக்க மருந்தைத் தொடர வேண்டும் என்பதைப் பல விளம்பரங்கள் சொல்வதில்லை. நட்ட முடி முதல் மாதத்திலேயே உதிர்ந்து, மூன்று நான்கு மாதம் கழித்து முளைத்து, ஓராண்டில்தான் முழு வடிவம் காட்டும். அடுத்த மாதத்து நிச்சயதார்த்தத்துக்கு இது உதவாது.

உயிருக்கு வந்த கேடு

2016-இல் சென்னையில் மருத்துவப் படிப்பின் இறுதிக் கட்டத்திலிருந்த ஒரு வாலிபர் முடி நடவு செய்துகொண்டு சில நாட்களுக்குள் உயிர் நீத்தார். அந்நிலையம் முடி திருத்தும் தொழிலுக்கே உரிமம் பெற்றிருந்தது என அப்போது பத்திரிகைகள் எழுதின. 2019-இல் நம் மும்பையிலேயே ஒரு வியாபாரி ஒரே அமர்வில் 9,500 ஒட்டுகள் நடப்பெற்று மாண்டதாகச் செய்தி வந்தது. வாழ்நாள் கணக்கையும் மிஞ்சிய எண் அது! 2025-இல் கான்பூரிலிருந்தும் இத்தகைய இரு மரணங்களின் செய்தி வெளியாயிற்று. உணர்விழக்கச் செய்யும் மருந்தின் அளவு மிகுதல், ஒவ்வாமை, கிருமித் தொற்று ஆகியவையே இச்சிகிச்சையில் அஞ்ச வேண்டியவை. அரிதே நேரினும், நேர்ந்தால் காக்க வல்லவர் அருகிருத்தல் வேண்டும்.

தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில் இதற்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. முறையான பயிற்சி பெற்ற பதிவு மருத்துவரே இதனைச் செய்தல் வேண்டும். யூடியூபில் பார்த்துக் கற்பது பயிற்சியாகாது என்று அது வெளிப்படையாகவே கூறுகிறது.

நண்பரொருவரின் தம்பி, இருபத்து மூன்று வயதினர். அவருடன் ஒரு நிலையத்துக்கு நாமும் துணையாகச் சென்றிருந்தோம். வெள்ளை அங்கி அணிந்த ஒருவர், குடும்பத்தில் யாருக்கு வழுக்கை என்று கேட்கவில்லை. நோய் ஏதும் உண்டா என்றும் வினவவில்லை. கால் மணி நேரத்துக்குள் "மூவாயிரம் ஒட்டு, இம்மாதம் மட்டும் சலுகை, தவணையில் கட்டலாம்" என்று கூறிவிட்டார். "கத்தி பிடிக்கும் மருத்துவர் பெயர் யாது?" என்று கேட்டோம். "அன்றைக்கு வருவார்" என்றார். எழுந்து வந்துவிட்டோம். பின்னர் ஒரு தோல் மருத்துவர், "இரண்டாண்டு மருந்து போடுங்கள், பிறகு பேசுவோம்" என்றார். தம்பி இன்று அவ்வாறே செய்து வருகிறார்.

செலவுக் கணக்கு

ஒட்டு ஒன்றுக்கு இருபது முப்பது ரூபாய் முதல் நூறு ரூபாய்க்கு மேலும் கேட்கின்றனர். நாற்பது ரூபாய் வீதம் 2,500 ஒட்டுகளுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஆகிறது. சாதாரண மருத்துவ சேவைக்குரிய சரக்கு-சேவை வரி விலக்கு, பிறவிக் குறை, காயம் போன்ற காரணங்களாலன்றி, இதற்குக் கிடையாது. அழகுக்கான சிகிச்சை ஆதலால் காப்பீட்டுப் பணமும் பொதுவாகக் கிட்டாது. தங்கையின் திருமணத்துக்கோ ஊரிலுள்ள கடனுக்கோ பணம் அனுப்பும் பிள்ளை, தன் தலைக்கெனத் தவணைக் கடன் எழுதுமுன் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஊரில் மலிவென்று அங்குச் சென்று நட்டுக்கொண்டு மறுநாளே முப்பது மணி நேர ரயிலேறுவதும் தகாது. முதல் சில நாட்கள் மருத்துவர் கண்ணெதிரே இருத்தல் நலம்.

செய்யத்தக்கது

முதலில் தோல் மருத்துவரிடம் காரணம் அறிக. பரம்பரை வழுக்கையாயின், உடலுக்கு ஒத்துவரும் மருந்தைக் குறைந்தது ஓராண்டு பயன்படுத்திப் பார்க்க. வழுக்கையின் போக்கு நிலைத்த பின்னரும், முப்பதை ஒட்டிய வயதிலும், கையிருப்புப் பணத்திலும் நடவைப் பற்றி யோசிக்கலாம். அப்போது மருத்துவரின் பெயரையும் பதிவெண்ணையும் கேட்டு வாங்கி, மகாராஷ்டிர மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டில் சரிபார்க்க. மறுப்பவரிடம் தலையைக் கொடுக்காதீர்.

இவற்றுடன் மூன்றாவது வழியும் உண்டு: முடியைக் கட்டையாக வெட்டிக்கொண்டு, வந்ததை ஏற்று நடப்பது. நாம் தேர்ந்தது இதுவே. மாதம் ஒருமுறை நாவிதர் கடைக்குச் செல்வதுடன் செலவு முடிகிறது. 2018-இல் "காலா" திரைப்படத்தில் தாராவித் தமிழரின் தலைவராக நடித்த ரஜினிகாந்த், திரைக்கு வெளியே வழுக்கைத் தலையுடனேயே மேடையேறி வருகிறார். அதனால் மக்கள் அன்பு ஒரு துளியும் குறைந்ததாக நாம் காணவில்லை.

பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை. பிள்ளையின் தலையைப் பார்த்துக் கேலி பேசும் உறவினரை நீங்களே தடுத்து நிறுத்துங்கள். பெண் வீட்டாரிடம் இருப்பதை இருப்பவாறே கூறுங்கள். பழைய புகைப்படம் அனுப்பாதீர்கள். குணமும் உழைப்பும் கண்டு பெண் கொடுப்போர் நம் சமூகத்தில் இன்னும் பலர் உளர். வாலிபர்களே, பின்தலை முடியும் பெட்டியிலுள்ள பணமும் மெல்லச் சேர்ந்தவை. இரண்டையும் ஒரு விளம்பரத்தின் வேகத்தில் செலவிட்டு விடாதீர்கள்.