ஆண்டுக்கு 555 நாட்கள்!

குழந்தைகளே, உங்கள் இரு கைகளையும் விரித்துப் பாருங்கள். விரல்கள் பத்து. விரல்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகள் எத்தனை? கைக்கு நான்காக மொத்தம் எட்டு. நாம் விரல்களை எண்ணிப் பத்துப் பத்தாகக் கணக்கிடுகிறோம். அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த யூக்கி பழங்குடியினரோ, அந்த இடைவெளிகளை எண்ணி எட்டு எட்டாகக் கணக்கிட்டார்கள்.

இப்படி எட்டை அடிமானமாக வைத்து எழுதுவதற்கு எண்ம எண்முறை என்று பெயர். இதில் 0 முதல் 7 வரை எட்டு இலக்கங்கள்தான். 8 என்ற இலக்கமே கிடையாது. எட்டை 10 என்று எழுத வேண்டும். வகுப்பில் இதைச் சொல்லிக் கொடுத்த மறுநாளே, விடையில் 8 போட்டுக்கொண்டு வந்து நிற்பவர் ஒருவராவது இருப்பார்!

சரி, ஓர் ஆண்டின் 365 நாட்களை இந்த முறையில் எழுதுவோமா? 365 மிட்டாய்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மிட்டாய்க்கு ஒரு பொட்டலம். எட்டுப் பொட்டலத்துக்கு ஒரு பெட்டி. ஆக, பெட்டிக்கு 64 மிட்டாய். ஐந்து பெட்டிகளில் 320 போய்விடும். மீதி 45-ல் ஐந்து பொட்டலம் கட்டலாம். உதிரியாக ஐந்து நிற்கும். ஐந்து பெட்டி, ஐந்து பொட்டலம், ஐந்து உதிரி. அதாவது 555!

இப்போதுதான் வேடிக்கை. இந்த மிட்டாய்களை ஏழு பேருக்குச் சமமாகப் பங்கிட வேண்டும். ஒரு பொட்டலத்தைப் பிரித்து ஆளுக்கு ஒன்று கொடுத்தால், ஒன்று மிஞ்சும். ஒரு பெட்டியைப் பிரித்தால்? ஆளுக்கு ஒன்பது வீதம் 63 போக, அங்கேயும் ஒன்றுதான் மிஞ்சும். ஆகவே பெட்டிகளில் ஐந்து, பொட்டலங்களில் ஐந்து, உதிரி ஐந்து. மிஞ்சியது 15. அதிலும் ஆளுக்கு இரண்டு கொடுத்துவிட்டால் மீதி 1.

நாம் செய்தது என்ன? 5+5+5 என்று இலக்கங்களைக் கூட்டினோம், அவ்வளவுதான். ஓர் எண் 9-ஆல் வகுபடுமா என்று பார்க்க இலக்கங்களைக் கூட்டுவீர்களே, அதே வித்தை. பத்துக்கு ஒன்று குறைந்த 9 அங்கே செய்வதை, எட்டுக்கு ஒன்று குறைந்த 7 இங்கே செய்கிறது. நம் வழக்கமான எண்களில் 7-ஆல் வகுபடுமா என்று பார்ப்பது எத்தனை தொல்லை என்பது உங்களுக்கே தெரியும்!

அந்த ஏழு பேர் யார் தெரியுமா? ஞாயிறு முதல் சனி வரையுள்ள கிழமைகள்தாம். 365 நாட்களை அவர்களுக்குப் பங்கிட்டால் ஒரு நாள் மிஞ்சுகிறது அல்லவா? அதனால்தான் உங்கள் பிறந்தநாள் அடுத்த ஆண்டு ஒரு கிழமை தள்ளி வருகிறது. நடுவில் பிப்ரவரி 29 வந்துவிட்டால் 366 நாள். எண்ம முறையில் 556. கூட்டினால் 16, அதில் இரண்டு ஏழு போக மீதி 2. இரண்டு கிழமை தள்ளிப் போகும். 1947 ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை. 1948 லீப் வருடம். ஆகஸ்ட் 15 சனியைத் தாண்டி ஞாயிறன்று வந்தது. 1949-ல் திங்கள்.

உங்களுக்கு ஒரு கணக்கு. இன்றிலிருந்து 1001 நாள் கழித்து என்ன கிழமை? 1001-ஐ எட்டால் வகுங்கள். ஈவு 0 ஆகும்வரை வகுத்துக்கொண்டே போய், மீதிகளைக் கடைசியிலிருந்து எழுதுங்கள். 1751 வந்தால் சரி. இலக்கங்களின் கூட்டுத்தொகை 14. பிறகென்ன, கிழமையை நீங்களே சொல்லிவிடுவீர்கள்!