குடிவருகிறவரின் பூர்வோத்தரம்

கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தளிக்குக் ‘குட்டி இங்கிலாந்து’ என்று பெயர் வரக் காரணமாயிருந்த வெள்ளைக்காரத் துரைகள் இன்று உயிர்த்தெழுந்து வந்து, ஒரு மார்கழி விடியற்காலையில் தேன்கனிக்கோட்டைச் சாலையோரத்தில் நிற்பார்களானால், அவர்கள் ரசித்த மூடுபனி இன்னும் ஓரளவு இருப்பதைக் காண்பார்கள். அதோடு, அந்தப் பனியைக் கிழித்துக்கொண்டு ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் பேருந்துகளின் விளக்குகளையும், ரோஜாப் பசுமைக்குடில்களுக்குள் நுழையும் வடநாட்டு இளைஞர்களையும் காண்பார்கள். எழுபதுகளில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டையோடு ஆரம்பித்த தொழிற்பெருக்கம் கொஞ்சங்கொஞ்சமாகத் தெற்கே நகர்ந்து வந்து, தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த இந்தப் பிரதேசத்துக்கு ஹிந்தியையும் ஒடியாவையும் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. காலி மனை வைத்திருந்தவர்களெல்லாம் வரிசை வீடு கட்டி வாடகைக்கு விடுகிறார்கள். அப்படி விட்டிருக்கும் ஓர் அம்மாளிடம், குடிவருகிறவர்களைப்பற்றி என்ன விசாரிப்பீர்கள் என்று கேட்டபோது, “அட்வான்ஸ் வாங்கியாச்சு, ஆதார் ஜெராக்ஸ் வாங்கியாச்சு, இன்னும் அவன் ஜாதகத்தையா கேக்கச் சொல்றீங்க?” என்றார். அந்த நகல்கள் ஒரு துணிக்கடைப் பையில் சுருட்டப்பட்டு, பீரோவின்மேல் கிடந்தன.

ஜாதகத்தைக் கேட்கும் தேசங்களும் உண்டு. அமெரிக்காவில் குடியிருக்கும் நம் உறவினர்கள், அங்கே புதிதாக ஒரு வீடு பார்க்கும்பொழுது, பக்கத்துப் பள்ளிக்கூடம் எப்படி, ரயில் எவ்வளவு தூரம் என்று விசாரிப்பதோடு, அரசாங்கத்தின் இணையதளம் ஒன்றைத் திறந்து அந்தத் தெருவின் அஞ்சல் குறியீட்டை அதில் இட்டு, சுற்றுவட்டாரத்தில் பாலியல் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர் எவரேனும் வசிக்கிறாரா என்றும் பார்த்துக்கொள்கிறார்கள். பெயரும், புகைப்படமும், விலாசமும், செய்த குற்றத்தின் விவரமும் கணத்தில் வந்து விழுகின்றன. கலிபோர்னியா மாகாணம் 1947லேயே இத்தகைய ஜாபிதா ஒன்றைத் தொடங்கிவிட்டதென்றாலும், அது நெடுங்காலம் போலீஸாரின் உபயோகத்துக்கு மட்டுமே இருந்தது. 1994ல் நியூ ஜெர்சியில், முன்பே தண்டனை பெற்றிருந்த அண்டைவீட்டுக்காரன் ஒருவனால் ஏழு வயதுச் சிறுமி கொல்லப்பட்டதும், அவன் இன்னானென்று எங்களுக்கு ஏன் சொல்லவில்லை என்று பெற்றோர் கதறியதும், அந்தக் குழந்தையின் பெயராலேயே ‘மேகன் சட்டம்’ பிறந்து, 1996ல் தேசம் முழுமைக்கும் விரிவடைந்ததும்தான் அந்த ஜாபிதாவைப் பொதுஜனங்களின் கைக்குக் கொண்டுவந்தன. 2006ல் வந்த மற்றொரு சட்டம் குற்றவாளிகளை மூன்று தரமாகப் பிரித்து, பதினைந்து ஆண்டுகள், இருபத்தைந்து ஆண்டுகள், ஆயுள் பரியந்தம் என்று அவர்கள் பதிவேட்டில் இருக்கவேண்டிய காலத்தையும் விதித்தது.

நமது தேசத்திலும் அத்தகைய பதிவேடு உண்டு என்பதை நம்மில் பலர் அறியார்கள். பாலியல் குற்றவாளிகளின் தேசியத் தரவுத்தளம் என்ற பெயரில் 2018 செப்டம்பர் 20ஆம் தேதி மத்திய உள்துறை அமைச்சகத்தால் தொடங்கப்பட்டு, தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் இருந்துவரும் அந்த ஜாபிதாவில், தொடக்க நாளிலேயே நான்கு லட்சத்து நாற்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் இருந்தன. பலாத்காரம், கூட்டுப் பலாத்காரம், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின்கீழ் வரும் குற்றங்கள், பெண்களைச் சீண்டுதல் ஆகியவற்றுக்காகத் தண்டிக்கப்பட்டவர்களின் பெயர், விலாசம், புகைப்படம், கைரேகை முதலியன அதில் அடங்கும். ஆனால் அதைத் திறந்து பார்க்கும் அதிகாரம் புலனாய்வு செய்யும் காவல் துறையினருக்கு மட்டுமே உண்டு. வரிசை வீட்டு அம்மாளுக்கும் கிடையாது, வாரப் பத்திரிகையில் எழுதும் எனக்கும் கிடையாது. எல்லைக்கு இப்பால் தளியும் அப்பால் ஆனேக்கலுமாக இருக்கும் இந்த இடத்தில், கர்நாடகத்தில் தண்டனை அடைந்து வெளிவந்த ஒருவன் தமிழகத்தில் பிடிபட்டால், அவனுடைய பூர்வோத்தரத்தை இங்குள்ள காவல் அதிகாரி தாம் இருந்த இடத்திலிருந்தே அறிந்துகொள்ளலாம் என்பது அதன் பிரத்தியட்சமான பிரயோஜனம்.

இந்தப் பூட்டைத் திறந்துவிடவேண்டும் என்ற கோரிக்கை, மனம் பதைக்கும் குற்றம் ஒன்று நிகழும்போதெல்லாம் எழுகிறது. 2017ல் கேரளத்தில் நடிகை ஒருவர் தாக்கப்பட்ட சம்பவத்துக்குப் பின், அம்மாநிலத்தின் ஆளுநராக இருந்த நமது ஈரோட்டுச் சீமையைச் சேர்ந்த பி. சதாசிவம் சட்டமன்றத்தில் ஆற்றிய உரையிலும் பாலியல் குற்றவாளிகளின் பதிவேடு ஒன்று அமைக்கப்படும் என்ற அறிவிப்பு இடம்பெற்றது. கோரிக்கையின் பின்னுள்ள தாபத்தை நான் மறுக்கவில்லை. ஆயினும் என் அபிப்பிராயம், அந்தப் பூட்டு அப்படியே இருக்கட்டும் என்பதுதான்.

பலாத்கார வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு ஏற்கனவே அறிமுகமானவர் என்று குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் சொல்லிவருகிறது. தகப்பன், சித்தப்பா, மாமன், பக்கத்து வீட்டு அண்ணன், டியூஷன் வாத்தியார் என்று நீளும் இந்த வரிசையில், ஒடிசாவிலிருந்து வந்து ரோஜாச் செடிக்கு மருந்தடிக்கும் அந்நியனுக்கு இடம் கடைசியில்தான். அப்படியிருக்க, ஐந்நூறு வீடுகள் உள்ள ஒரு மலைக்கிராமத்தில் இன்னார் தம் உறவுக்காரக் குழந்தைக்குத் தீங்கிழைத்தார் என்று அரசாங்கமே படத்தோடு பிரசுரித்தால், அந்தக் குழந்தை யார் என்பதை ஊரில் எவருக்கும் சொல்லவேண்டியதில்லை. பாதிக்கப்பட்டவளின் பெயரை வெளியிடுவதே குற்றம் என்று சட்டத்தில் ஒரு பிரிவை எழுதிவைத்துவிட்டு, மறு கையால் அதை அழிப்பதற்கு ஒப்பாகும் அது. குடும்பத்தின் பெயர் உலகமெல்லாம் தெரியும்படி ஆகிவிடும் என்ற பயம் சேர்ந்துவிட்டால், இப்போது போலீஸுக்குப் போகிற சில தாய்மாரும் போகாமல் நின்றுவிடுவார்கள்.

இந்தப் பக்கத்துக்கே உரிய இன்னொரு விஷயம் உண்டு. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, தளி வட்டாரத்து மலைக்கிராமங்களில் பால்ய விவாகம் இன்னும் ஒழியவில்லை. 2025 மார்ச்சில், பதினான்கு வயதுப் பெண்ணொருத்தி கதறக் கதறப் புருஷன் வீட்டுக்குத் தூக்கிச் செல்லப்பட்ட காட்சியைக் கைப்பேசிகளில் தமிழகமே கண்டது. அந்தக் கொடுமையைச் செய்தவர்கள் சிறைக்குப் போகவேண்டியவர்களே. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பதினேழு வயதுப் பெண்ணோடு ஓடிப்போன பத்தொன்பது வயதுப் பையனும் அதே போக்சோ சட்டத்தின்கீழ் தண்டிக்கப்பட்டால் அதே ஜாபிதாவில்தான் ஏறுவான். இளம்வயதுக் காதலர்களைத் தண்டிப்பது அச்சட்டத்தின் நோக்கமன்று என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜனவரியில் ஒரு வழக்கில் சொன்னதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் மெய்ன் மாகாணத்தில் 2006 ஏப்ரலில் ஓர் இளைஞன் இணையப் பதிவேட்டிலிருந்து விலாசங்களை எடுத்துக்கொண்டு போய் இரண்டு பேரைச் சுட்டுக் கொன்றான். அவர்களில் ஒருவர், பதினாறு வயது நிறையாத தம் காதலியோடு கூடியதற்காகப் பத்தொன்பதாம் வயதில் தண்டனை பெற்றவர். மயாமி நகரத்திலோ, பள்ளிக்கூடங்களுக்கு இத்தனை அடி தூரத்துக்குள் பதிவேட்டில் உள்ளவர்கள் வசிக்கலாகாது என்று விதித்ததன் பலனாக, வேறு போக்கிடமின்றிப் பல பேர் வளைகுடாவின் மேல் செல்லும் ஒரு பாலத்தின் அடியில் ஆண்டுக்கணக்கில் கூடாரமடித்துக் கிடந்தார்கள். இருக்குமிடம் தெரிய வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட பதிவேடு, இருக்க இடமில்லாதவர்களை உண்டாக்கியது.

இங்கிலாந்தில் இதற்கு ஒரு நடுவழி கண்டிருக்கிறார்கள். அங்கே பதிவேடு பகிரங்கமாக இல்லை; ஆனால் தம் குழந்தையோடு பழகும் ஒரு குறிப்பிட்ட ஆசாமியைப்பற்றிச் சந்தேகம் கொண்ட பெற்றோர் போலீஸிடம் விண்ணப்பித்தால், ஆபத்து உண்டென்று கண்ட பட்சத்தில் அவர்களுக்கு மட்டும் அந்தரங்கமாகச் சொல்வார்கள்.

நம் தேசத்திலோ, பூட்டியிருக்கவேண்டிய மின்னணுக் கதவு தவறுதலாகத் திறந்துகொண்டால் என்ன ஆகும் என்பதை நாம் 2024 டிசம்பரில் பார்த்தோம். பாலியல் குற்றங்களின் முதல் தகவல் அறிக்கைகளை இணையத்தில் ஏற்றலாகாது என்பது உச்ச நீதிமன்றம் 2016லேயே வகுத்த விதிவிலக்கு. அப்படியிருந்தும், அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் தாக்கப்பட்ட மாணவியின் அறிக்கை, பெயர் விவரங்களோடு காவல் துறைத் தளத்தின் வழியே வெளியாகி ஊரெல்லாம் சுற்றியது. உயர் நீதிமன்றம் அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால நஷ்டஈடு வழங்கும்படி உத்தரவிட்டது.

சரி, பிரஜை ஒருவர் எதைத்தான் தேடிப் பார்க்கலாம் என்றால், நீதிமன்றங்களின் மின்தளத்தில் மாவட்டம், நீதிமன்றம், ஆண்டு, கட்சிக்காரர் பெயர் ஆகியவற்றை இட்டு வழக்குகளின் நிலவரத்தைப் பார்க்கலாம். ஆனால் தளிப் பக்கத்தில் மாதேஷ், முனிராஜ், நாகராஜ் என்று தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். அந்தப் பெயரையும் ஒரு குமாஸ்தா தமிழ் உச்சரிப்பிலும் இன்னொரு குமாஸ்தா கன்னட உச்சரிப்பிலும் ஆங்கில எழுத்தில் எழுதியிருப்பார். எந்த முனிராஜ் என்று நிச்சயிக்காமல் எவரையும் குற்றவாளியாக்கிவிடும் அபாயம் இதில் அதிகம். போதாததற்கு, போக்சோ வழக்குகளின் விவரம் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும். இதைவிட உருப்படியான வழி, தமிழ்நாடு காவல் துறையின் இணையதளத்தில் உள்ள நன்னடத்தைச் சரிபார்ப்பு. வேலைக்கு வைத்துக்கொள்ளப் போகிறவர், வாடகைக்கு வருகிறவர், வீட்டு வேலை செய்கிறவர் ஆகியோரின் விவரங்களையும் அடையாளச் சான்றையும் கொடுத்து, கட்டணம் செலுத்தினால், அவர்மீது வழக்கு உண்டா என்று காவல் துறையே பார்த்துச் சொல்லும். அந்தத் துணிக்கடைப் பையில் கிடக்கும் ஆதார் நகல்களுக்கு அப்போதுதான் ஓர் அர்த்தம் ஏற்படும்.

இவை யாவற்றுக்கும் மேலாக, 2020ஆம் வருஷத்துப் போக்சோ விதிகளில் மூன்றாவது விதி ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடமாயினும், குழந்தைகள் காப்பகமாயினும், விளையாட்டுப் பயிற்சி நிலையமாயினும், அங்கே குழந்தைகளோடு பழகும் ஒவ்வொரு ஊழியரையும், உபாத்தியாயரோ காவல்காரரோ, நிரந்தரமோ ஒப்பந்தமோ, காலாகாலத்தில் போலீஸ் மூலம் சரிபார்ப்பது ஸ்தாபனத்தின் கடமை என்று அது சொல்கிறது. பெற்றோர் ஜாபிதாவைத் தேடி அலையவேண்டாம்; பள்ளி தேடவேண்டும். நல்ல விதி. அதை அனுசரிப்பவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்கு, இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கிழக்குக் கோடியில், பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளி 2024 ஆகஸ்டில் பதில் சொன்னது. தேசிய மாணவர் படை முகாம் நடத்துவதாகச் சொல்லிக்கொண்டு வந்த ஆசாமியையும் அவனுடைய ஆட்களையும் நம்பி, மாணவிகளைப் பள்ளிக் கட்டடத்திலேயே இரவு தங்கவைத்தார்கள். சிறுமி ஒருத்தி விடியுமுன் நாசம் செய்யப்பட்டாள். வேறு சிலரும் சீண்டப்பட்டார்கள். பிறகு விசாரித்தபோது, அந்த முகாமுக்கும் தங்களுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்று மாணவர் படை தெரிவித்தது. விஷயம் வெளிவராமல் பார்த்துக்கொண்ட நிர்வாகிகளும் கைதானார்கள். பிரதானக் குற்றவாளி என்று சொல்லப்பட்டவன் எலி மருந்து தின்று, விசாரணை முடியுமுன்பே ஆஸ்பத்திரியில் மாண்டான். இந்தச் சீருடைக்காரர் உங்களால் அனுப்பப்பட்டவர்தானா என்று மாணவர் படை அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போயிருந்தால், அந்த முகாமே நடந்திராது. அதைக் கேட்பதற்கு எந்தத் தேசியத் தரவுத்தளமும் தேவைப்பட்டிருக்காது. ஆறு மாதம் கழிந்து, அதே மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில் மூன்று ஆசிரியர்கள் பதின்மூன்று வயது மாணவி விஷயத்தில் கைதானதையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். நெடுநாள் சம்பளம் வாங்கிவந்த உபாத்தியாயர்கள் எந்த ஜாபிதாவில் தேடினால் அகப்பட்டிருப்பார்கள்? அங்கே வேலை செய்யக்கூடியவை, குழந்தை வாய் திறந்தால் கேட்டுக்கொள்ளும் 1098, பள்ளிக் கல்வித் துறையின் 14417 போன்ற உதவி எண்கள்தாம். கேள்விப்பட்டும் புகார் செய்யாதவருக்குப் போக்சோ சட்டமே ஆறு மாதம் வரை சிறை விதிக்கிறது, ஸ்தாபனத் தலைவரானால் ஓராண்டு வரை.

தளிப் பக்கத்துப் பிள்ளைகளை ஓசூர்ப் பள்ளிகளுக்கு ஏற்றிச் செல்லும் வேன்களில் சில, பள்ளிக்குச் சொந்தமானவையல்ல. பெற்றோர் நாலைந்து பேர் சேர்ந்து மாதவாடகைக்குப் பேசிக்கொண்டவை. அந்த ஓட்டுநர் பள்ளி ஊழியர் அல்லர் என்று பள்ளி கையை விரித்துவிடும். பெற்றோரோ, பள்ளி பார்த்திருக்கும் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். நேற்றுவரை கர்நாடகத்து ஜிகணியில் ஓட்டிக்கொண்டிருந்தவர் இன்று இங்கே ஓட்ட வந்திருந்தால், இரு மாநிலத்திலும் அவரைப்பற்றி விசாரிக்கவேண்டியவர், மாதம் பிறந்தால் பணம் எண்ணிக் கொடுக்கிற அந்த நாலைந்து பேரேதான்.