இயந்திர உடைப்பும் தொழினுட்ப முன்னேற்றமும்

தொழினுட்ப முன்னேற்றம் மனிதகுலத்திற்கு நன்மை பயக்குமா, தீமை பயக்குமா என்னும் வினா எழும்போதெல்லாம், ஐயம் தெரிவிப்போரை ‘லடைற்’ என எள்ளி ஒதுக்குவது ஆங்கில உலகின் வழக்கம். இயந்திரத்தைக் கண்டஞ்சி அதனை உடைத்த அறிவிலி என்பதே அச்சொல்லின் வழக்குப் பொருள். வரலாறு கூறுவது வேறு.

1811இல் நொட்டிங்கம் பகுதியில் உடைக்கப்பட்டவை காலுறை பின்னும் பொறிகள். அவை அன்று புதியன அல்ல. வில்லியம் லீ அப்பொறியை அமைத்தது 1589இல். தலைமுறை தலைமுறையாக அதனை இயக்கி வாழ்ந்தவர்களே அதனை உடைத்தனர் என்பது மனங்கொள்ளத்தக்கது. பொறிகளுட் பல வணிகருக்குச் சொந்தமானவை. தொழிலாளர் வாடகை செலுத்தியே அவற்றில் வேலை செய்தனர். நெப்போலியனுடனான போரினாற் சந்தை சுருங்கியபோது வணிகர் கூலியைக் குறைத்தனர். முறையாகத் தொழில் பயிலாதோரை அமர்த்தினர். அகன்ற பொறியிற் பின்னிய துணியை வெட்டித் தைத்து, எளிதிற் பிரிந்துபோகும் மலிவுக் காலுறைகளைச் சந்தையில் நிரப்பினர். இத்தகையோரின் பொறிகளே பெரும்பாலும் இலக்காயின. இவ்வியக்கத்தைக் கலகத்தின் வழியான கூட்டுப்பேரம் என ஹொப்ஸ்போம் 1952இல் விளக்கியமை பொருத்தமானதே. (யோக்ஷயர்க் கம்பளித் தொழிலில் நிலைமை வேறு, அங்கு கத்தரிப்புப் பொறி கைவினைஞரின் பிழைப்பையே பறித்தது.)

1812இல் அரசு பொறி உடைப்பை மரண தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அச்சட்டமூலத்தை எதிர்த்தே பைரன் பிரபுக்கள் சபையிற் கன்னியுரை நிகழ்த்தினார். 1813 ஜனவரியில் யோக் நகரில் 17 பேர் தூக்கிலிடப்பட்டனர்.

இந்நிகழ்ச்சிகளைப் பொருளாகக் கொண்ட சார்லொட் புறொண்டேயின் ‘ஷேர்லி’ (1849) நாவலில், ஆலைத் தாக்குதலை நாம் நாயகியர் இருவரோடு தொலைவில் நின்றே காண்கிறோம். வேலையிழந்த வில்லியம் ஃபாரன்மீது ஆசிரியைக்குப் பரிவு உண்டு. எனினும் அவன் பொறுமைசாலி, உடைப்போருள் ஒருவனல்லன். உடைத்தவனின் நியாயம் நாவலுக்கு வெளியேதான் நிற்கிறது. யதார்த்தவாதத்தின் வர்க்க எல்லை இது.

இயந்திரத்தையும் அதன் முதலாளித்துவப் பயன்பாட்டையும் வேறுபடுத்தியறியத் தொழிலாளருக்குக் காலமும் அனுபவமும் தேவைப்பட்டன என்பது ‘மூலதனம்’ முதலாந் தொகுதியில் (1867) மாக்ஸ் கூறுவது. இதனை லடைற்றுகள்மீதான கண்டனமாகவே வாசிப்போர் முற்போக்காளரிடையேயும் உளர். ஆயின் நொட்டிங்கம் தொழிலாளர் அவ்வேறுபாட்டை ஓரளவு அறிந்தேயிருந்தனர் என்பதை அவர்கள் தேர்ந்து உடைத்தமையே காட்டுகின்றது.

அதே வேறுபாடு இன்று எழுத்துத் தொழிலிலும் முன்னிற்கின்றது. 2023இல் 148 நாட்கள் வேலைநிறுத்தஞ் செய்த அமெரிக்கத் திரைக்கதையாளர் பெற்ற உடன்படிக்கை செயற்கை நுண்ணறிவைத் தடைசெய்யவில்லை. நிறுவனத்தின் இசைவுடன் எழுத்தாளர் அதனைப் பயன்படுத்தலாம். பயன்படுத்துமாறு நிறுவனம் வற்புறுத்தலாகாது. பொறி தந்த பிரதியைக் காட்டி எழுத்தாளரின் ஊதியத்தைக் குறைத்தலுமாகாது. அவர்கள் முன்னர் எழுதியவற்றைக் கொண்டே அப்பொறிகளைப் பயிற்றலாமா என்னும் வினா மட்டும் அவ்வுடன்படிக்கையில் தீர்க்கப்படாது விடப்பட்டது.