ஆளுநர் உரை: அது யாருடைய குரல்?



புத்தாண்டு பிறந்து சட்டமன்றம் கூடினால் முதல் நாள் ஆளுநர் உரை. மறுநாள் பேப்பரில் குடிநீர், சாலை, பள்ளிக்கூடம் என்று பட்டியல் வரும். டீக்கடையில் ஒருவர், "பரவாயில்லையே, கவர்னர் நல்லது செய்றாரே" என்பார். பக்கத்தில் இருப்பவர், "அவர் எங்கே செய்றார்? எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறார்" என்பார். இந்த இரண்டு பேரில் யார் சொல்வது சரி? மாநிலத்துக்கு எது முதல் வேலை, எது அடுத்த வேலை என்று முடிவு செய்வது யார்? மாதவரம், மணலி, எண்ணூர் என்று வாழும் நமக்கு இது தேர்வுக்குப் படிக்கிற பொது அறிவு மட்டும் அல்ல. யாரிடம் கேட்பது என்று தெரியாதவனுக்குக் கேட்டது கிடைக்காது.

உரையை எழுதுவது யார்?

அரசியல் சட்டத்தின் 176-ஆவது பிரிவு சொல்வது இதுதான்: பொதுத் தேர்தலுக்குப் பிறகு கூடும் முதல் கூட்டத்தொடரிலும், ஒவ்வோர் ஆண்டின் முதல் கூட்டத்தொடரிலும் ஆளுநர் சட்டமன்றத்தில் உரையாற்ற வேண்டும். 1950-ல் நடைமுறைக்கு வந்தபோது ஒவ்வொரு கூட்டத்தொடருக்கும் ஓர் உரை என்று இருந்தது. 1951-ல் வந்த முதல் திருத்தம் அதை ஆண்டுக்கு ஒன்று என்று குறைத்தது.

உரையாற்றுவது ஆளுநர். ஆனால் உரையைத் தயாரிப்பது அரசு. துறைகளிலிருந்து குறிப்புகள் கோட்டைக்குப் போகும். அவற்றைத் தொகுத்து எழுதி, அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிறகுதான் ஆளுநர் கைக்கு அது போய்ச் சேரும். 163-ஆவது பிரிவின்படி அவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்க வேண்டியவர். 1974-ல் ஷம்ஷேர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் இதை உறுதி செய்தார்கள். சட்டம் வெளிப்படையாக விட்டுவைத்திருக்கும் சில விஷயங்களில் மட்டுமே அவர் சொந்த முடிவு எடுக்கலாம்.

நம்ம டிராயிங் ஹால் கணக்கில் சொல்கிறேன். வரைபடத்தின் வலது மூலையில் டைட்டில் பிளாக் போடுவோம். மேலே கம்பெனி பெயர் இருக்கும். கீழே வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர் என்று கட்டங்கள் இருக்கும். வரைபடம் கம்பெனி பெயரில்தான் வெளியே போகும். ஆனால் தண்டின் விட்டம் 40 மில்லிமீட்டரா, 45 மில்லிமீட்டரா என்று முடிவு செய்தது அந்தப் பெயர்ப்பலகை அல்ல. தமிழக அரசாணை ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். கடைசியில் "ஆளுநரின் ஆணைப்படி" என்று இருக்கும், கையெழுத்து அரசுச் செயலாளருடையது. ஆணை ஆளுநர் பெயரில், பொறுப்பு அமைச்சரவையிடம்.

இன்னொரு சான்றும் இருக்கு. உரை முடிந்ததும் அதற்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானம் வரும். சில நாள் விவாதம் நடக்கும். எதிர்க்கட்சி குறை சொல்வது அரசை. கடைசியில் எழுந்து பதில் சொல்வது முதலமைச்சர். அந்தத் தீர்மானம் தோற்றுப்போனால் வீட்டுக்குப் போக வேண்டியது அமைச்சரவைதான், ஆளுநர் அல்ல. அப்படியென்றால் அது யாருடைய உரை என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

அமெரிக்க ஆளுநர் வேறு, நம் ஆளுநர் வேறு

அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் ஆளுநர் உண்டு. அங்கே மக்கள் ஓட்டுப் போட்டு அவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம்ம ஊர் முதலமைச்சர் போல மாநில நிர்வாகத்துக்கு அவரே தலைவர். பள்ளிக்கூடம், வரி, சாலை, காவல்துறை என்று தன் முன்னுரிமைகளை அவர் சட்டமன்றத்தில் தானே அறிவிப்பார். பட்ஜெட்டையும் அவரே முன்வைப்பார். செய்யவில்லையென்றால் அடுத்த தேர்தலில் அவரே பதில் சொல்ல வேண்டும்.

நம் ஆளுநரை 155-ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். இந்தப் பதவி வெள்ளைக்காரர் காலத்திலிருந்து வந்தது. அப்போது கோட்டையில் இருந்த சென்னை மாகாண ஆளுநருக்கு உண்மையான அதிகாரம் இருந்தது. 1939 அக்டோபரில் ராஜாஜி அமைச்சரவை ராஜினாமா செய்த பிறகு 1946 வரை ஆளுநரே மாகாணத்தை ஆண்டார். சுதந்திரத்துக்குப் பிறகு, ஆளுநரையும் மக்களே தேர்ந்தெடுக்கலாமா என்று அரசியல் நிர்ணய சபை யோசித்தது. முதலமைச்சரும் மக்கள் ஓட்டில் வந்தவர், ஆளுநரும் மக்கள் ஓட்டில் வந்தவர் என்றால் இருவருக்கும் மோதல் வரும் என்று கருதி 1949-ல் நியமனமே போதும் என்று முடிவு செய்தார்கள்.

ஒரே ஒரு நிலைமையில் மட்டும் ஆளுநர் கையில் நிர்வாகம் வரும். அது 356-ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவர் ஆட்சி. தமிழ்நாட்டில் 1976, 1980, 1988, 1991 என்று நான்கு முறை இது வந்தது. 1988 ஜனவரி முதல் 1989 ஜனவரி வரை நடந்த ஆட்சியில் பெரும்பகுதிக் காலம் ஆளுநர் பி.சி. அலெக்சாண்டர் நிர்வாகத்தை நடத்தினார். அப்போதும் அது அவருக்குச் சொந்தமான அதிகாரம் அல்ல, குடியரசுத் தலைவர் சார்பில் நடத்தியது.

கோட்டையில் நடந்தவை

இந்த ஏற்பாடு எப்போதும் உராய்வு இல்லாமல் ஓடவில்லை. 2023 ஜனவரி 9 அன்று ஆளுநர் ஆர்.என். ரவி உரையின் சில பகுதிகளைப் படிக்காமல் விட்டார். "திராவிட மாடல்" என்ற சொல்லும் சில தலைவர்களின் பெயர்களும் அதில் அடக்கம். அச்சிட்ட உரை மட்டுமே அவைக்குறிப்பில் ஏற வேண்டும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தீர்மானம் கொண்டுவர, ஆளுநர் வெளியேறினார். 2024 பிப்ரவரியில் உரையின் பல பகுதிகளைத் தம்மால் ஏற்க முடியவில்லை என்று கூறி அவர் சில நிமிடங்களில் முடித்துக்கொண்டார். பேரவைத் தலைவர் அப்பாவு தமிழ் உரையைப் படித்தார். 2025 ஜனவரியில் தொடக்கத்தில் தேசிய கீதம் இசைக்கவில்லை என்று சொல்லி உரையைப் படிக்காமலே சென்றார். தொடக்கத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து, முடிவில் தேசிய கீதம் என்பதுதான் மரபு என்றது அரசுத் தரப்பு.

யார் பக்கம் நியாயம் என்று கேன்டீனில் நாம் சண்டை போடலாம். நான் சொல்ல வருவது வேறு. ஆளுநர் வரியை விட்டுப் படித்த ஆண்டிலும், படிக்காமலே போன ஆண்டிலும் உரையில் இருந்த திட்டங்கள் அவர் படிக்காததால் ரத்தாகவில்லை. ஏனென்றால் அவற்றுக்குப் பணம் ஒதுக்குவது பட்ஜெட், பட்ஜெட்டை நிறைவேற்றுவது சட்டமன்றம்.

அதற்காக ஆளுநர் பதவிக்கு வலுவே இல்லை என்று நினைக்க வேண்டாம். சட்டமன்றம் நிறைவேற்றும் மசோதா சட்டமாக அவரது ஒப்புதல் வேண்டும். நிறுத்திவைத்த 10 மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகக் கருதப்படும் என்று 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்கு அதே ஆண்டு நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் பதில் சொன்னார்கள். நீதிமன்றம் ஆளுநருக்குக் காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதவும் முடியாது, ஆனால் ஆளுநரும் காரணமில்லாமல் காலவரையின்றி மசோதாவைக் கிடப்பில் போட முடியாது என்றார்கள். அதாவது ஆளுநரால் ஒரு வேலையைத் தாமதப்படுத்த முடியும், பட்டியலை எழுத முடியாது.

வடசென்னைக்கு இதில் என்ன?

சங்கத்தில் ஒரு மனுவுக்குக் கையெழுத்து வாங்கினோம். காலையில் நாம் வரும் நேரத்தில் கன்டெய்னர் லாரிகளைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது கோரிக்கை. ஒரு நண்பன், "எதுக்குடா சின்ன ஆபீசுக்கெல்லாம்? நேரா கவர்னருக்கே போடுவோம், அவர்தானே பெரியவர்" என்றான். அவனுக்காகத்தான் இந்தக் கட்டுரையே எழுத உட்கார்ந்தேன்.

நம் பகுதியில் பொறுப்பு பல கைகளில் பிரிந்து கிடக்கிறது. சென்னைத் துறைமுகமும் எண்ணூர் காமராசர் துறைமுகமும் மத்திய அரசின் பட்டியலில் வருபவை. மணலி சுத்திகரிப்பு ஆலை மத்தியப் பொதுத்துறை. வடசென்னை அனல் மின் நிலையம் மாநில மின் நிறுவனத்துடையது. போலீசும் பொது சுகாதாரமும் மாநிலத்தின் பொறுப்பு. கல்வி 1976 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு அரசுக்கும் பொது. நம் பாலிடெக்னிக்கையே பாருங்கள். அங்கீகாரம் டெல்லியில் உள்ள தொழில்நுட்பக் கல்விக் குழுவிடம், பாடத்திட்டமும் தேர்வும் சென்னையில் உள்ள தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்திடம். மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு ஆளுநரை வேந்தராக வைத்தார்கள். நம் டிப்ளமோவில் அவர் கையெழுத்துகூடக் கிடையாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் கழிமுகத்திலும் பரவியது. மீனவர் வலையும் படகும் பாழாயின. ஆலை மத்தியப் பொதுத்துறை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாநிலத்துடையது, விசாரித்தது பசுமைத் தீர்ப்பாயம். எந்தக் கதவு என்று தெரியாதவர் அந்த நேரத்தில் எத்தனை வாசல் ஏறி இறங்க வேண்டும்!

சரியான கதவு எது என்பதற்கும் உதாரணம் உண்டு. வடசென்னை வளர்ச்சித் திட்டத்துக்கு மூன்று ஆண்டுகளில் 1,000 கோடி ரூபாய் என்று 2023-24 மாநில பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-ல் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024-ல் தொடங்கியது. இரண்டிலும் டிப்ளமோ படிப்பும் சேர்க்கப்பட்டது. இவை எல்லாம் அமைச்சரவை முடிவு செய்து, சட்டமன்றம் பணம் ஒதுக்கி வந்தவை.

நாம் செய்யக்கூடியது

ஆளுநர் உரையைத் தூக்கிப்போட வேண்டாம். ஓர் அரசு ஓராண்டுக்குச் சொல்லும் வாக்குறுதிகள் ஒரே இடத்தில் கிடைப்பது அதில்தான். ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள். முதல் பத்தியில் உரையில் சொன்னது. இரண்டாவதில் பட்ஜெட்டில் எத்தனை கோடி ஒதுக்கினார்கள் என்பது. மானியக் கோரிக்கை நேரத்தில் ஒவ்வொரு துறையும் வெளியிடும் கொள்கை விளக்கக் குறிப்பு இதற்கு உதவும். மூன்றாவதில் நம் தெருவில் என்ன நடந்தது என்பது. மூன்றும் ஒத்துவரவில்லையென்றால் அந்த நோட்டோடு நம் தொகுதி சட்டமன்ற உறுப்பினரிடம் போவோம். அவர் ஓட்டு அமைச்சரவையை நிறுத்தவும் முடியும், கவிழ்க்கவும் முடியும்.

ஓட்டுப் போடும் வயது 1989-ல் 21-லிருந்து 18 ஆகக் குறைந்தது. முதலாண்டில் சேர்கிற தம்பி, தங்கை பலர் டிப்ளமோ முடிப்பதற்குள் வாக்காளர் ஆகிவிடுவார்கள். முன்னுரிமைகளை எழுதும் பேனா ஆளுநர் மாளிகையில் இல்லை. அதை யார் கையில் கொடுப்பது என்று முடிவு செய்பவர்களில் இனி நாமும் உண்டு.

(இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை)