ஆயிரத்திலிருந்து ஏழுக்கு

ஜே. ஆர். ஆர். டோல்கீனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கதையில் மோரியா சுரங்கத்துக்குள் எதிர்ப்படும் நெருப்பு அரக்கனின் பெயர் பால்ராக். கையில் தீச்சாட்டை, சுற்றிலும் கருநிழல். இந்த இனத்தில் மொத்தம் எத்தனை பேர்?

டோல்கீனின் விடை காலப்போக்கில் மாறியது. 1916-17இல் எழுதிய கொண்டோலின் நகர வீழ்ச்சிக் கதையில் பால்ராகுகள் ஒரு படைப்பிரிவாகவே வருகின்றன. டுவோர் என்ற மனிதன் கோடரியால் அவற்றில் பலவற்றை வெட்டிச் சாய்க்கிறான். 1930களின் வரைவு ஒன்றில் போருக்கு வரும் பால்ராகுகள் ஆயிரம்! அப்போது அவை தீய தலைவன் மெல்கோர் உண்டாக்கிய படைவீரர்கள். பயங்கரமானவை, ஆனால் வீழ்த்தக்கூடியவை.

பிறகு டோல்கீன் தம் புராணத்துக்கு ஒரு விதி வகுத்தார்: தீமையால் உயிரைப் படைக்க முடியாது, இருப்பதைக் கெடுக்க மட்டுமே முடியும். அப்படியானால் பால்ராக் எங்கிருந்து வந்தது? உலகம் உருவாகும் முன்பே இருந்த மையார் என்னும் ஆவிகளில் சில மெல்கோர் பக்கம் சாய்ந்து பால்ராக் ஆயின. மந்திரவாதி கேண்டால்ஃபும் மையாரில் ஒருவர்தான். அவருக்கு இணையானவர்களை ஆயிரக்கணக்கில் களத்தில் இறக்கினால் எதிரணியில் யார் மிஞ்சுவார்கள்? கையெழுத்துப் பிரதியின் ஓரத்தில் டோல்கீன் புதிய கணக்கைக் குறித்தார்: மூன்று, மிஞ்சினால் ஏழு.

தனி ஒரு பால்ராகின் பலத்துக்கு மோரியாவே சாட்சி. மித்ரில் உலோகத்துக்காக ஆழத் தோண்டிய குள்ளர்கள், மூன்றாம் யுகம் 1980இல் அதை எழுப்பிவிட்டார்கள். அந்த ஆண்டே அரசன் ஆறாம் டுரின் பலி, மறு ஆண்டு அவன் மகன். குள்ளர்கள் நாட்டையே விட்டு ஓடினார்கள். 3019 ஜனவரி 15இல் பாலத்தில் கேண்டால்ஃபுடன் மோதி, இருவரும் பாதாளத்தில் விழுந்து, மலையுச்சிவரை போராடி, 25ஆம் தேதிதான் அது மடிந்தது. கேண்டால்ஃபும் செத்துத்தான் மீண்டார்.

பால்ராகுக்குச் சிறகு உண்டா என்று ரசிகர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். எனக்கு எண்ணிக்கைதான் சுவாரசியம். டோல்கீன் இறந்தபின் 1977இல் மகன் கிறிஸ்டோபர் வெளியிட்ட 'சில்மரில்லியன்' மொத்தக் கணக்கைச் சொல்வதில்லை. அந்தப் புத்தகத்தில் கொண்டோலின் வீரன் எக்தேலியன், பால்ராகுகளின் தலைவன் கோத்மாகைக் கொன்று தானும் மடிகிறான். இன்னொரு பால்ராகைக் கொன்ற கொண்டோலின் வீரன் குளோர்ஃபிண்டெலுக்கும் அதே முடிவு. கொல்பவனும் சாக வேண்டிய இப்படியொரு எதிரிக்கு ஆயிரம் பொருந்தாது, ஏழே சரி.